எட்டாவது பாட்டு

களியக்காவிளை சந்தைக்கு எதிரே
மெமரி கார்டில் பாட்டு ஏற்றும் கடை எனக்கு.
இடது பக்கம் நெத்திலி நாற்றம்,
வலது பக்கம் செக்போஸ்டில் இரையும் லாரிகள்.
நடுவில், இந்த மாதம் முழுக்க,
எரிகோ குழுவின் இரண்டாவது ஆல்பம்.

முதலாவது வந்த வருஷம்
பாறசாலையிலிருந்தும் பையன்கள் வந்தார்கள்.
தமிழ் வாசிக்கத் தெரியாதவர்கள்
அல்லேலூயாவுக்குச் சரியாகத் தலையாட்டினார்கள்.
கிட்டார் பிளிறியது.
கன்வென்ஷன் பந்தலில் முன்வரிசை நாற்காலி
இரண்டு உடைந்தது. யாரும் காசு கேட்கவில்லை.

இப்போது சபைச் செயலர் ஞானசிகாமணி
துண்டுச்சீட்டு காட்டுகிறார்.
"இயேசுங்குற பேரு நாலே இடத்துலதான் வருது.
முந்தினதுல எண்பத்தேழு."
சீட்டின் மறுபக்கம் றப்பர் ஷீட் கணக்கு.
அதிலும் ஏதோ குறைந்திருந்தது.

மீன்வண்டி ஓட்டும் றெஜின்ராஜ்:
"டிரம்ஸ் எங்க பிள்ளே? சவம், ஒறக்கம் வருது.
தேங்காப்பட்டணத்துல லோடு ஏத்தி
விடியமுன்ன கொச்சி போவணும்.
இவனுவள நம்பி வண்டி எடுத்தா
ஆண்டவர நேராப் பாத்துரலாம்."

பாஸ்டர் மகள் பெர்சிஸுக்கு
வீட்டில் அது பிசாசு, பஸ்ஸில் அது ஜெபம்.
மார்த்தாண்டம் மேம்பாலம் ஏறி இறங்குவதற்குள்
மூன்றாவது பாட்டு முடிந்துவிடுகிறதாம்.
பாலம் இன்னும் நீளமாக இருந்திருக்கலாம் என்றாள்.

பாறசாலையிலிருந்து இந்தமுறை ஒருத்தன் மட்டும்.
"கொள்ளாம்" என்றான்.
எல்லை தாண்டி வரும் அந்தச் சொல்லை
நிறுத்தி எடைபோட எந்தச் சாவடியும் இல்லை.
இழுத்துச் சொன்னால் பிரமாதம்,
வெட்டிச் சொன்னால் போதும் விடு.
அவன் இடையில் எங்கோ சொன்னான்.

எனக்கும் பாதி பிடிக்கவில்லை.
இரண்டாவதில் வயலின் எதற்கு?
ஐந்தாவதில் அவன் குரலை
ஏன் கிணற்றுக்குள் போட்டார்கள்?
ஆனால் எல்லாரும் ஒன்றாகச் சொன்னது ஒன்றுதான்:
எட்டாவத விட்டுட்டு மத்தத ஏத்து.

எட்டாவது, ஏழு நிமிஷம்.
தகரத்தில் மழை. ஒரே ஒரு தந்தி.
நாலாம் நிமிஷத்தில் ஒரு வரி,
'சனிக்கிழமை. கல்லு அப்படியே கிடக்குது.'
பிறகும் மழைதான்.
வெள்ளிக்கு ஒரு பிரசங்கம் உண்டு, ஞாயிறுக்கு ஒன்று.
சனிக்கு இங்கே யாரும் மணி அடிப்பதில்லை.
கேட்டுக் கேட்டு அலுத்து
அதை ஃபோல்டரிலிருந்தே எடுத்துவைத்தேன்.

போன செவ்வாய், மீன்கூடையை வாசலில் இறக்கி
சின்னத்துறை ஃபிலோமி வந்தாள்.
புயலுக்குப் போன மகனின் போன் கையில்.
திரை கீறல், சார்ஜ் மட்டும் எப்போதும் நிறைந்திருக்கும்.
"ஒண்ணும் பாடாத்த பாட்டு ஒண்ணு இருக்குல்லா மக்களே,
அத மட்டும் இட்டுத் தா."
ஏற்றும்போதே முழுசும் கேட்டாள், நின்றபடி.
கூடையில் ஈ மொய்த்தது.
நன்றாயிருக்கிறது என்றோ இல்லை என்றோ
அவள் சொல்லவே இல்லை.
பத்து ரூபாயை ஈரமாக வைத்துவிட்டுப் போனாள்.

இன்று மத்தியானம் சார்ஜர் வயர் வாங்க
பாடினவனே வந்தான். ஜெபின் வின்ஸ்லோ.
போஸ்டரில் இருந்ததைவிட குள்ளம்.
என் திரையை எட்டிப் பார்த்து எண்ணினான்,
விரலால், ஞானசிகாமணி மாதிரியே.
"ஏழுதான் இருக்கு?"

"எட்டாவது கேக்குறவங்களுக்குத் தனியா" என்றேன்.

"கேக்குறாங்களா?"

"ஒருத்தர்."

வயரைச் சுருட்டி, விரித்து, மறுபடி சுருட்டினான்.
"உங்களுக்கு ஆல்பம் எப்படி?"
லாரி ஒன்று ஹாரனை விடாமல் அடித்தது.
"கொள்ளாம்" என்றேன்.
எந்தக் கொள்ளாம் என்று
அவன் கேட்கவில்லை.
மீதிச் சில்லறையை மறந்துவிட்டுப் போனான்.